அது தட்டாது

"பதினேழு கேட்டா பத்தொன்பது கொடுக்கிற. கண்ணு அவ்வளவு மோசமாயிடுச்சா? பொண்ணு போட்டோவை மட்டும் கிட்ட வெச்சு, தூர வெச்சு நல்லாப் பாக்கத் தெரியுது."

அண்ணன் ஸ்பேனரை என் கையில் திருப்பித் திணித்தான். பையைத் துழாவிப் பதினேழை எடுத்துக் கொடுத்தேன். அவன் மூன்றாம் மாடி லிஃப்ட் கதவின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். கதவு ஓடும் பள்ளத்தில் தூசியும் முடியும் ஒரு சாக்லேட் காகிதமும் அடைந்து கிடந்தன.

"கிரீஸ் டப்பா எங்க?"

"வண்டியில இருக்கு."

"அங்கேயே பத்திரமா இருக்கட்டும்னு விட்டுட்டியா? போய் எடுத்துட்டு வா. அப்படியே டீ சொல்லிடு. எனக்குச் சக்கரை கம்மி."

"எப்பலேர்ந்து?"

"இன்னைலேர்ந்து. குடியை விட்டுட்டு இப்ப சக்கரையைக் குடிக்கிறேனாம். உங்க அண்ணி சொல்றா."

நான் படியில் இறங்கினேன். வண்டி அடித்தளத்தில் நின்றது. பின்னால் அண்ணன் அந்தச் சாக்லேட் காகிதத்தை ஸ்பேனர் நுனியால் நெம்பி எடுக்கும் சத்தம் இரண்டாம் மாடி வரை கேட்டது. நாங்கள் இருவரும் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகு பேசவில்லை.

லிஃப்ட் பழுது பார்ப்பது எங்கள் தொழில். அண்ணன்தான் என்னை இதில் சேர்த்துவிட்டான். லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்களுக்கு அது நான்கு சுவரும் ஒரு கண்ணாடியும் உள்ள பெட்டி. எங்களுக்கு அந்தப் பெட்டியின் கூரைதான் வேலை செய்யும் இடம். பெட்டி ஓடும் நீண்ட இருட்டுக் குழியை ஷாஃப்ட் என்போம். ஒருவன் கூரைமேல் உட்கார்ந்திருப்பான். இன்னொருவன் உச்சியில் உள்ள மெஷின் ரூமில் சுவிட்சைப் பிடித்திருப்பான். பழைய லிஃப்டுகளில் கூரைமேல் இருப்பவன் கையில் எந்தச் சுவிட்சும் கிடையாது. அவனுக்கு இருப்பது வாய் மட்டும்தான்.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூரையில் இருப்பவன் "மேலே" என்பான். சுவிட்சில் இருப்பவன் "மேலே" என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தொடுவான். "நில்லு" என்றால் "நில்லு". திருப்பிச் சொல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது. முதல் நாளே அண்ணன் இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தான். "மேல இருக்கிறவனுக்கு உன் குரல்தான் கயிறு" என்றான். அன்று அவன் வாயில் லேசாக வாடை இருந்தது. மாலையில் குடித்தது மறுநாள் காலைவரை தங்கும் அளவுக்கு அப்போதே ஆகியிருந்தது.

பிறகு வேலை நேரத்திலும் குடித்தான். சூப்பர்வைசர் பிடித்துவிட்டார். வேலையை விட்டு எடுக்கவில்லை. போதை மீட்பு மையத்துக்குப் போ, இதுதான் கடைசி வாய்ப்பு என்றார். அங்கே தங்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் காலையில் போய் உட்கார்ந்து பேசிவிட்டு, மாத்திரை வாங்கிக்கொண்டு வேலைக்கு வந்துவிடலாம். வீட்டிலிருந்து ஒருவர் கூடப் போகவேண்டும். அண்ணி துணிக்கடையில் பில் போடுகிறவர், காலையில் அவரால் நகர முடியாது. அதனால் நான் போனேன்.

அந்த நாட்களில் எல்லோரும் அண்ணனின் வாயைத்தான் பார்த்தோம். வேலைக்கு வந்ததும் சூப்பர்வைசர் ஊதும் கருவியை நீட்டுவார். மையத்திலும் ஊதச் சொல்வார்கள். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் அண்ணி அவன் முகத்தருகே போய் மூச்சை இழுப்பார்.

"உங்க அண்ணியை ஏர்போர்ட்டுல சேத்துவிட்டா மோப்ப நாய்க்கெல்லாம் வேலை போயிடும்டா" என்பான் அண்ணன்.

"பேச்சை மாத்தாதீங்க. இன்னொரு தடவை ஊதுங்க."

அவன் ஊதுவான். அண்ணியின் முகம் தெளியும். அவர்கள் மகள் பாப்பா ஓடி வந்து தானும் ஊதிக் காட்டுவாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதில்லை. குடித்த காலத்தில் அண்ணன் வீட்டில் எல்லாக் கெட்டதற்கும் ஒரே பெயர்தான். தூங்காவிட்டால் குடி. கத்தினால் குடி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தால் குடி. குடி போய்விட்டதால் எல்லாம் போய்விட்டதாகவே நினைத்தோம்.

ஒரு நாள் மதியம், ஓர் அலுவலகக் கட்டிடத்தில் நான் கூரைமேல் இருந்தேன். அண்ணன் உச்சியில். கம்பிகளில் படிந்த எண்ணெயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். என் வலது கை ஷாஃப்ட் சுவரில் பதித்த தண்டவாளத்துக்கும் பெட்டியின் விளிம்புக்கும் நடுவில் இருந்தது. நான் வாயே திறக்கவில்லை. பெட்டி நகர்ந்தது.

கையை இழுத்துவிட்டேன். எப்படி இழுத்தேன் என்று தெரியாது. துணி சிக்கிக்கொண்டது. பெட்டி ஏறிக்கொண்டே போனது. மேலே உத்தரம் என் தலையை நோக்கி இறங்கி வருவதுபோல் இருந்தது. "நில்லு, நில்லு" என்று அலறினேன்.

"நில்லு" என்று அண்ணன் நிதானமாகத் திருப்பிச் சொன்னான். பெட்டி நின்றது.

ஏணி வழியாக ஏறி மெஷின் ரூமுக்குப் போனேன். அண்ணன் சுவிட்சருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

"நான் சொல்லாம ஏண்ணே எடுத்த?"

"மேலேன்னு சொன்னியே."

"நான் வாயைத் திறக்கல."

"சொன்னடா. உன் குரல்தான். நான் திருப்பிச் சொன்னேன். சரின்னும் சொன்னே."

அவன் விளையாடவில்லை. என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். உள்ளங்கையில் எண்ணெயோடு தோல் உரிந்திருந்தது. அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, குடித்திருக்கிறான் என்பதுதான். அண்ணி மாதிரியே நானும் குனிந்து அவன் வாயருகே மூச்சை இழுத்தேன். வெறும் டீ வாசனை. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. குடித்திருந்தால் என்ன செய்வதென்று எங்களுக்குத் தெரியும்.

"ரொம்ப நாளா இருக்கு" என்றான் அண்ணன். "கல்யாணத்துக்கு முன்னாடியே. யாராவது கூப்பிடுற மாதிரி. சும்மா பேர் சொல்லிக் கூப்பிடும். அப்புறம் திட்டும். குடிச்சா அது தூங்கிடும். அதுக்குத்தான் குடிச்சேனா, குடிச்சதால வந்துச்சான்னு எனக்கே இப்ப குழப்பம். விட்டதுக்கப்புறம் அது தூங்கவே மாட்டேங்குது."

"யார் குரல்ல பேசும்?"

"முன்னாடி யாரோ. இப்ப உன் குரல்ல."

தம்பியின் குரலில் அவனுக்குள் இன்னொருவன் இருக்கிறான், அவன் நான் சொல்லாததைச் சொல்வான், அண்ணன் அதை நம்பிச் சுவிட்சைத் தொடுவான். இதை நான் மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன்.

அன்று வேலையை முடிக்காமல் போக முடியாது. லிஃப்ட் பாதியில் நின்றால் சூப்பர்வைசர் வருவார். அண்ணன்தான் ஒரு வழி சொன்னான். தண்டவாளத்தில் ஸ்பேனரால் தட்டு. ஒன்று என்றால் மேலே, இரண்டு என்றால் கீழே, மூன்று என்றால் நில்லு. ஆபத்து என்றாலும் மூன்று. தட்டு கேட்டால் மட்டும் தொடுவேன், பேச்சு கேட்டால் தொடமாட்டேன்.

"அது பேசும்" என்றான். "ஆனா அது தட்டாது. இவ்வளவு வருஷத்துல ஒரு தடவைகூடத் தட்டினதில்ல."

நான் மறுபடி கூரையில் இறங்கினேன். ஒரு தட்டு. பெட்டி ஏறியது. மூன்று தட்டு. நின்றது. மாலைவரை தட்டிக்கொண்டே வேலை செய்தோம். ஒவ்வொரு தட்டுக்கும் பெட்டி சரியாக நடந்துகொண்டது. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் நான் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டேன்.

மையத்தில் சொல்லலாம் என்றேன். அண்ணன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். காரணம் எனக்கும் தெரியும். மையத்தில் வட்டமாக உட்கார்ந்து பேசும்போது பேட்டரி என்று ஓர் ஆள் இருப்பார். ஆட்டோ ஓட்டுகிறவர். வாயைத் திறந்தால் சார்ஜ் தீராது என்பதால் அந்தப் பெயர். அந்தக் கூட்டத்தில் குடிப்பழக்கத்துக்கும் மனநலத்துக்கும் சேர்த்து மாத்திரை வாங்குகிற தையல்காரர் ஒருவர் இருந்தார். பேட்டரி அவருக்கு டபுள் சிம் என்று பெயர் வைத்திருந்தார்.

"நமக்கெல்லாம் ஒரு கம்பெனிதான் பில் அனுப்புது. இவருக்கு ரெண்டு கம்பெனி" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தையல்காரரும் சிரிப்பார். அண்ணன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க அப்போதிலிருந்து பயமாக இருந்தது.

இன்னொரு பயம் கம்பெனி. குடியை விட்டவனைக் கம்பெனி வைத்துக்கொள்ளும். சூப்பர்வைசரே ஒரு காலத்தில் குடித்தவர்தான். ஆனால் மனநல மாத்திரை சாப்பிடுகிறவனை ஷாஃப்டுக்குள் விடமாட்டார்கள். விடக்கூடாது என்பது நியாயம்தான். ஆனால் ஷாஃப்டைத் தவிர அண்ணனுக்கு வேறு எதுவும் தெரியாது.

"குடிகாரன்னா திருந்திட்டான்பாங்க" என்றான். "பைத்தியம்னா என்ன சொல்வாங்க, சொல்லு. திருந்திட்டான்னா சொல்வாங்க?"

இருந்தும் அடுத்த முறை போனபோது அவனை விடவில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த கவுன்சிலர் அம்மாவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் நாற்காலியைக் கீழே வைத்துவிட்டு உட்காரச் சொன்னார். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். தட்டுவது பற்றியும் சொன்னான், தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வதுபோல.

அவர் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. "இங்க வர்றவங்கள்ல நிறையப் பேருக்கு இது மாதிரி ஏதாவது ஒண்ணு கூடவே இருக்கு" என்றார். "சிலருக்குப் பயம், சிலருக்குத் துக்கம், சிலருக்குக் குரல். குடி மேல போட்ட போர்வை மாதிரி. போர்வையை எடுத்தா கீழ இருக்கிறது தெரியும். நீங்க சொன்னது ரொம்ப நல்லது. ஆனா இனிமே சுவிட்சைத் தொடாதீங்க. தட்டினாலும்."

மனநல டாக்டர் வேறு கட்டிடத்தில் இருந்தார். அவரிடம் அனுப்பினார். டாக்டர் பொறுமையாகக் கேட்டார், ஒரு மாத்திரை எழுதினார். தூக்கம் வரும், உடம்பு இறுகுகிற மாதிரி இருக்கும், தொந்தரவு இருந்தால் வாருங்கள், மாற்றித் தருகிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். வெளியே வந்ததும் அண்ணன் மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் போடாமல் சாக்ஸுக்குள் செருகிக்கொண்டான்.

மாத்திரை வேலை செய்தது. குரல் அடங்கிவிட்டது என்றான். "பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி இருந்தது, இப்ப பக்கத்துத் தெரு ரேடியோ." நான் சுவிட்சை வாங்கிக்கொண்டேன். அவனைக் கூரையிலும் ஏற்றவில்லை. வெளியே நின்று செய்கிற வேலைகளைக் கொடுத்தேன். அண்ணனுக்கு நான் வேலை கொடுக்கிறேன் என்பது எங்கள் இருவருக்கும் கூச்சமாக இருந்தது. "முதலாளி, அடுத்து என்ன?" என்று கேட்பான்.

அண்ணியிடம் அவனே சொன்னான். அண்ணி, "குடிக்கல இல்ல?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, அது பாப்பா குரல்ல பேசுமா?" என்றார். தெரியாது அண்ணி என்றேன். அன்றிலிருந்து அவர் பாப்பாவைத் தனியாக அண்ணனிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனதில்லை. அண்ணன் அதைக் கவனித்தான்.

ஆனால் மாத்திரை அவனை மெதுவாக்கியது. நடை கனத்தது. நாக்கு தடித்ததுபோல் பேசினான். கையில் பிடித்த ஸ்க்ரூ தவறித் தவறி விழுந்தது. எத்தனையோ வருடம் குடிகாரர்களைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் ஊதச் சொன்னார். ஊதினான். ஒன்றும் இல்லை என்று காட்டியது. மறுபடி ஊதச் சொன்னார். மறுபடி ஒன்றும் இல்லை.

"மிஷின் கெட்டுப் போச்சுபோல" என்றார் சூப்பர்வைசர். மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் எங்களைப் போல ஒரே ஒரு வியாதிதான் தெரியும்.

அதற்குச் சில நாள் கழித்து, வண்டியில் போகும்போது அண்ணன் சாதாரணமாகச் சொன்னான். "மாத்திரையை விட்டுட்டேன்."

நான் வண்டியை ஓரம் கட்டினேன். பின்னால் வந்தவன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்.

"ஏண்ணே இப்படிப் பண்ற? டாக்டர் அத்தனை தடவை சொன்னாரே."

"அந்த மாத்திரையோட இருந்தா வேலை போயிடும். வேலை போனா குடிப்பேன். என்னை எனக்குத் தெரியும். எது முதல்ல வரணும், சொல்லு."

"வேற மாத்திரை கேட்கலாம். மாத்தித் தரேன்னுதானே சொன்னாரு."

"சரி, கேட்கலாம்."

"இப்பவே போலாம்."

"இன்னைக்கு அவர் இருக்க மாட்டாரு. செவ்வாய்க்கிழமைதான். அது வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கலாம்டா."

"சத்தம் வந்திடுச்சா?"

அண்ணன் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தான். "தெருவுக்குள்ள வந்திடுச்சு. இன்னும் வீட்டுக்குள்ள வரல."

டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். செவ்வாய் காலை முதல் ஆளாக வரச் சொன்னார்கள். அதற்குள் மோசமானால் எந்நேரமும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள் என்றார்கள். அண்ணியிடமும் சொன்னேன். விடுப்பு எடுக்கச் சொன்னேன் அவனை. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அது நன்றாகக் கேட்கும், உன்கூட இருந்தால்தான் கொஞ்சம் அடங்கும் என்றான். அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அண்ணன் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அண்ணியும், "உங்ககூடவே இருக்கட்டும் தம்பி. உங்க கண்ணு முன்னாடி இருந்தா எனக்கு நிம்மதி" என்றார்.

அந்த நாட்களில் நான் ஒரு விலங்கைப்போல் விழித்திருந்தேன். அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்தால் கையிலிருந்த வேலையை நிறுத்திவிடுவேன். யாராவது கூப்பிட்டது கேட்டதா என்று நானே காதைத் தீட்டுவேன். அவன் சிரித்தால் எதற்குச் சிரிக்கிறான் என்று பயம். சிரிக்காவிட்டால் யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று பயம். மாலையில் அண்ணி வாசலில் மூச்சை இழுப்பார், முகம் தெளியும், பாப்பா ஊதிக் காட்டுவாள். எல்லாம் முன்போலவே நடந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமைக்கு நான் தேடி எடுத்த வேலை, முதலில் சொன்ன அந்தக் குடியிருப்புக் கட்டிடம். கதவுப் பள்ளங்களைத் துடைத்துக் கிரீஸ் வைப்பது மட்டும்தான். கூரையில் ஏற வேண்டாம். பெட்டியை மூன்றாம் மாடியில் நிறுத்தி, மின்சாரத்தை அணைத்துவிட்டோம். கதவைத் திறந்தாலும் பின்னால் பெட்டி நிற்கும், குழி தெரியாது. அந்த மாடி முடிந்தபிறகு பெட்டியை அடுத்த மாடிக்கு நகர்த்திக்கொள்ளலாம். பயப்பட எதுவுமில்லாத வேலை என்று நானே சொல்லி, நானே தேர்ந்தெடுத்த வேலை.

அடித்தளத்துக்குப் போய் வண்டியிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்தேன். சரிவுப்பாதை வழியாக வெளியே வந்து எதிரே இருந்த கடையில் இரண்டு டீ சொன்னேன். ஒன்றில் சக்கரை கம்மி. அந்தக் கடைக்காரர் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் காவலாளி கட்டிடத்திலிருந்து ஓடி வந்தார். அவர் என்னைத் தேடி வரவில்லை. யாராவது ஓர் ஆளைத் தேடி வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கட்டிடத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

நடந்ததைப் பார்த்தது இரண்டாம் மாடியில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மேலேர்ந்து ஓடி வந்தாருப்பா. ஈரமா இருக்கு, வழுக்கும்னேன். காதுல வாங்கல. லிஃப்ட் கதவுல காதை வெச்சாரு. 'தட்டுறான், கேக்குதாம்மா?'ன்னாரு. எனக்கு ஒண்ணும் கேக்கலையேப்பான்னேன். 'மூணு தட்டு தட்டுறான். கீழே மாட்டிக்கிட்டான்'னாரு. யாருன்னேன். 'என் தம்பி'ன்னாரு. சாவி வெச்சிருந்தாரு. கதவைத் திறந்து, 'தம்பி, இருடா, வரேன்'னு குனிஞ்சாரு. நான் கையை நீட்டினேன். துடைப்பத்தோட நீட்டிட்டேன். அதைப் பிடிக்கலாமேன்னு."

பெட்டி மூன்றாம் மாடியில் நின்றது. அதற்குக் கீழே வெறும் குழிதான். நான் கீழே போனேன் என்பது அவனுக்குத் தெரியும். கீழேயிருந்து தட்டு கேட்டது. பேசியிருந்தால் நம்பியிருக்க மாட்டான். அண்ணன் அந்த அளவுக்கு ஜாக்கிரதையான ஆள்.

சூப்பர்வைசர் வந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிருந்தானா?" என்பது. போலீஸ்காரரும் அதையே கேட்டார். ஆஸ்பத்திரியிலும் கேட்டார்கள். ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று பின்னால் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரிடமும் நான் குரலைப் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார்கள். எழுதிக்கொண்டது குடிக்கவில்லை என்பதை மட்டும்.

அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கடைச் சீருடையோடு வந்தார். துணியை விலக்கிக் காட்டியதும் குனிந்தார். முத்தம் கொடுக்கிறார் என்று நினைத்தேன். அவன் வாயருகே மூச்சை இழுத்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இல்ல தம்பி" என்றார். "சுத்தமா இருக்கு." அதன் பிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவருக்கு உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு ஆறுதல் சொன்னார்கள். கடைசிவரை குடிக்காமல் போய்ச் சேர்ந்தான், அந்த வைராக்கியம் யாருக்கு வரும் என்றார்கள். அண்ணி எல்லோருக்கும் தலையசைத்தார். கவுன்சிலர் அம்மா வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கண்கள் என் கண்களைச் சந்தித்தபோது இருவரும் பார்வையைத் தாழ்த்திக்கொண்டோம்.

பேட்டரி ஆட்டோவைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். அவர் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை. கிளம்பும்போது என்னை வெளியே கூப்பிட்டார்.

"உங்க அண்ணனுக்குச் சத்தம் கேக்கும்னு சொன்னாங்க. நெசமா?"

"ஆமாங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார், அதற்குப் பின்னாலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அண்ணன் சாக்ஸுக்குள் வைத்திருந்த அதே மாத்திரை.

"நானும் டபுள் சிம்தாங்க" என்றார். "முதல்ல நான் சிரிச்சுட்டா என்னைப் பாத்து யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு... அவருகூட என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வாரு. நான்தான் எடுத்ததும் சிரிச்சுடறேனே."

அவர் நடந்து போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்பக்கத்திலிருந்து பார்க்க, கால் கனத்து நடக்கிற குடிகாரர் மாதிரியேதான் இருந்தது.

நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். வேறு வேலைக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கூரைமேல் தனியாக உட்கார்ந்திருக்கும்போது எங்கோ ஒரு குழாய் சூடேறி டக்கென்று சத்தம் போடும். நான் அசையாமல் இருப்பேன். இரண்டாவது வருகிறதா என்று கேட்பேன். எங்கள் குடும்பத்து ரத்தம்தானே எனக்குள்ளும் ஓடுகிறது. டாக்டரிடம் அதையும் கேட்டுவிட்டேன். பயம் வேறு, அது வேறு, ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போ என்றார். போகிறேன். பாப்பா வளர்ந்துவிட்டாள். அவள் எதையாவது கேட்கிறதுபோல் தலையைச் சாய்த்தால் அண்ணியும் நானும் ஒரே நேரத்தில், "என்னம்மா?" என்று கேட்போம். "ஒண்ணுமில்ல, பாட்டு" என்று காதிலிருந்து ஒயரைக் கழற்றிக் காட்டுவாள்.

அந்தக் குடியிருப்புக் கட்டிடமும் எங்கள் கம்பெனியிடம்தான் இருக்கிறது. அந்த லிஃப்டின் கதவு மற்ற லிஃப்டுகளைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து நிற்கும். நான்காம் மாடியில் ஊன்றுகோலோடு ஒருவர் இருந்தார், அவருக்காக அண்ணன் ஒருமுறை நேரத்தைக் கூட்டி வைத்தான். அவர் வீடு மாறிப் போய்விட்டார். கதவு இன்னும் அந்த நேரம் வரை திறந்துதான் நிற்கிறது.